இடுப்புக்கு ஒரு பன்றி

எங்கள் ஊரில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் முதலில் மருத்துவரிடம் தேதி கேட்போம். அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, செலவுக்குப் பணம் திரட்டும் விருந்துக்காகத் தீயணைப்புக் கூடத்தில் தேதி கேட்போம். இரண்டாவது தேதி கிடைக்காவிட்டால் முதல் தேதியால் ஒரு பயனும் இல்லை.

எந்த உறுப்புக்கு எந்த விருந்து என்பது பல வருடப் பழக்கத்தில் தானாக அமைந்துவிட்டது. குடல்வாலுக்குப் பேன்கேக் காலை உணவு போதும். முழங்காலுக்கு வெள்ளிக்கிழமை மீன் வறுவல். பித்தப்பை என்றால் குலுக்கல் பரிசாக ஒரு வேட்டைத் துப்பாக்கியும் வைக்க வேண்டும். இதயத்துக்கு இரண்டு துப்பாக்கி. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. எங்களுக்கு இதில் சிரிக்க எதுவும் தெரிந்ததில்லை. அவர்கள் ஊரில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றுதான் யோசிப்போம்.

என் மனைவி மார்லிஸுக்கு இடுப்பு மூட்டு. இடுப்புக்குப் பன்றி வேண்டும்.

வசந்தகாலத்திலிருந்து அவள் படுக்கையில் தூங்கவில்லை. முன்னறையில் சாய்வு நாற்காலியில்தான் இரவைக் கழித்தாள். நானும் எதிரே சோபாவில் படுத்துக்கொள்வேன். பேச மாட்டோம். நான் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். மார்லிஸுக்குச் சுலபமில்லை. அவள் பேசாமல் இருந்தால் வலி அதிகம் என்று அர்த்தம்.

மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு நிதி ஆலோசகரை ஒதுக்கியிருந்தார்கள். காண்டிஸ் என்று பெயர். மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்து, புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்மா?" என்று கேட்டேன்.

"அதை இப்ப சொல்ல முடியாது சார். ஆப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல தெரியவரும்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு வரச்சொன்னீங்க?"

"அதுல பாதியை முன்பணமா கட்டணும்னு சொல்றதுக்கு."



"தெரியாததுல பாதி எவ்வளவு?" என்றாள் மார்லிஸ்.

காண்டிஸ் கணினித் திரையைப் பார்த்தாள். "ஆறாயிரத்து நானூறு."

"அப்ப முழுசு பன்னிரண்டாயிரத்து எண்ணூறு."

"அப்படிச் சொல்லிட முடியாது மேடம்," என்றாள் காண்டிஸ், கொஞ்சம் வருத்தத்தோடு.

மார்லிஸ் கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தாள். உறையைப் பிரிக்கும் முன், "இது எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டுக்கொண்டாள்.

எங்கள் காப்பீட்டில் வருடம் பிறந்ததும் முதல் ஒன்பதாயிரம் டாலரை நாங்களே கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் கை நீளும், அதுவும் பாதி தூரம். மார்ச் மாதம் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதில் மார்லிஸ் அந்தத் தொகையைத் தாண்டியிருந்தாள். "நல்லவேளையா விழுந்தேன்," என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் ஆமாம் என்றார்கள். ஆனால் ஜனவரி முதல் தேதி கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு நாள் காலியாக இருந்தது. விருந்து முடிந்த திங்கட்கிழமை மதியத்துக்குள் முன்பணம் வரவில்லை என்றால் அந்த நாள் வேறு ஒருவருடைய இடுப்புக்குப் போய்விடும். அடுத்த காலி நாள் பிப்ரவரியில்தான் இருந்தது. அதாவது அவள் மறுபடி ஒருமுறை விழ வேண்டியிருக்கும்.

பன்றி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய ஊறுகாய் ஜாடிகளில் இரண்டு பேருடைய படத்தை ஒட்டி மளிகைக் கடையில் வைப்போம். ஒரு டாலர் ஒரு வாக்கு. யார் ஜாடியில் பணம் அதிகமோ அவர் விருந்தன்று எல்லோர் முன்னிலையிலும் பன்றிக்கு முத்தம் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பள்ளித் தலைமை ஆசிரியரும் பாதிரியாரும் நிற்பார்கள். பன்றி டாட்டி குர்ட்ஸுடையது. டாட்டி எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவியும்கூட. பன்றியின் பெயர் டச்சஸ். மாவட்டக் கண்காட்சியில் இரண்டு முறை பரிசு ரிப்பன் வாங்கியது.

"இந்தத் தடவை பாதிரியாரை விட்ருவோம்," என்றாள் டாட்டி. "அந்த ஆளுக்கு இப்ப டச்சஸ்மேல பாசமே வந்துருச்சு, பாக்கறவங்களுக்கு சுவாரசியமே இல்ல. இது தேர்தல் சீசன் ஓர்வில். ரெண்டு வேட்பாளரையும் ஜாடியில ஏத்து."

அவளும் நொண்டிக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு ஒரு முழங்கால் வரிசையில் இருந்தது. மார்லிஸுடையது முடியட்டும் என்று காத்திருந்தாள்.

வேட்பாளர்கள் இருவரும் அன்றே சம்மதித்தார்கள். கிளேட்டன் பிரெம்மர் பன்னிரண்டு வருடமாக மாநில சபையில் எங்கள் உறுப்பினர். மருத்துவச் செலவுக் குறைப்புக் குழுவின் தலைவர். தேர்தல் தூய்மைச் சட்டத்தை எழுதியவரும் அவர்தான். எதிர்த்து நின்ற ஷெரில் வான்டைன் வீடு விற்றுக் கொடுப்பவர். எங்கள் ஊரில் பாதிப் புல்வெளிகளில் அவர் பெயர்ப் பலகை இருக்கும். அது தேர்தலுக்கா, வீடு விற்பனைக்கா என்று அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஜாடிகளை வைத்த அன்று கிளேட்டன் கடை வாசலில் நின்று பேசினார்.

"மருத்துவச் செலவைக் குறைப்பேன்னு நான் பன்னிரண்டு வருஷமா சொல்லிட்டு வர்றேன். ஒரு தடவைகூட வார்த்தை மாறினதில்ல!"

கைதட்டினார்கள். ஷெரிலும் விடவில்லை.

"அவர் பன்னிரண்டு வருஷமா சொல்றதை நான் முதல் தடவையா சொல்லப்போறேன்!"

அதற்கும் கைதட்டினார்கள். நாங்கள் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் தினமும் கடைப் பலகையில் வாக்கு நிலவரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் சில நாட்கள் எல்லாம் முறைப்படி நடந்தது. கிளேட்டனுடைய ஆட்கள் ஷெரில் பன்றியை முத்தமிட வேண்டும் என்று ஷெரில் ஜாடியில் போட்டார்கள். ஷெரிலுடைய ஆட்கள் சோம்பேறிகளாக இருந்தார்கள். ஆகவே ஷெரில் முந்நூறு, கிளேட்டன் நாற்பது என்று எழுதினேன்.

வாரப் பத்திரிகைக்காரர் காபி வாங்க வந்தவர் பலகையைப் பார்த்தார். வியாழக்கிழமை பத்திரிகையில், 'மளிகைக் கடை வாக்கெடுப்பில் வான்டைன் அமோக முன்னிலை' என்று வந்தது. பன்றியைப் பற்றி எழுத இடம் இல்லாமல் போயிருக்கிறது.

அன்று மாலையே கிளேட்டனின் பிரசார மேலாளர் காரில் வந்து இறங்கினார். அவர் தலைநகர்க்காரர், இந்தக் குளிரில் மெல்லிய காலணி போட்டிருந்தார். ஜாடிகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாங்க பின்தங்கியிருக்கோம்," என்றார்.

"நல்லதுதானே," என்றேன். "அதிகம் வாங்கறவர்தான் பன்றிக்கு..."

"சார், இருபது வருஷமா நான் தேர்தல் நடத்துறேன். அதிகம் வாங்கறவர் தோத்த இடத்தை நான் பாத்ததே இல்ல." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு கற்றை நோட்டைக் கிளேட்டன் ஜாடியில் திணித்தார்.

மறுநாள் பலகையைப் பார்த்து ஷெரில் தரப்பு விழித்துக்கொண்டது. அவர்கள் தங்கள் ஜாடியில் போட்டார்கள். இவர்கள் மேலும் போட்டார்கள். ஜாடிகள் நிறைய நிறைய டாட்டி புது ஜாடிகள் கொண்டுவந்தாள். வெள்ளரி ஊறுகாய் தீர்ந்து, முட்டை ஊறுகாய் ஜாடிகளைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஊரே ஒரு வாரம் ஊறுகாய் முட்டை தின்றது. கிளேட்டன் ஆட்கள், 'மக்கள் தீர்ப்பு: பிரெம்மர் முந்துகிறார்!' என்று துண்டறிக்கை அச்சடித்து வீடுவீடாகப் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

மார்லிஸ் அதைச் சாய்வு நாற்காலியில் இருந்தபடி படித்தாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு.

"ஓர்வில், இப்படியே போனா ரெண்டு இடுப்பையும் மாத்திக்கலாம் போல இருக்கே."

"ஒண்ணுதானே வலிக்குது?"

"இன்னொண்ணுக்கு எப்படியும் அடுத்த தேர்தல் வரைக்கும் காத்திருக்கணும்ல? விலை குறைவா இருக்கறப்பவே மாத்திக்கறது நல்லது."

விருந்து சனிக்கிழமை. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்கு, பூசணி இனிப்பு. டச்சஸுக்கு முன்னால் பன்றி இறைச்சி பரிமாறுவது பற்றி வருடா வருடம் ஒருவர் கேட்பார். வருடா வருடம் டாட்டி, "அதுக்குப் படிக்கத் தெரியாது, மெனுவை யாரும் உரக்கச் சொல்லாதீங்க," என்பாள். மார்லிஸைச் சக்கர நாற்காலியில் மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். ஜாடிகள் மேடைமேல் வரிசையாக இருந்தன. டச்சஸ் கழுத்தில் நீல ரிப்பனோடு கூண்டில் படுத்திருந்தது.

எண்ணப் போகும் நேரத்தில் ஒரு மனிதர் மடக்கு நாற்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உயரமாக, ஒல்லியாக, துவைத்துத் தேய்த்த மாதிரி இருந்தார்.

"யாரும் ஜாடியைத் தொடாதீங்க. நான் பிரெஸ்டன் ஹால்வர்சன். மாநிலத் தேர்தல் தூய்மைப் பிரிவு. ஒரு புகார் வந்திருக்கு."

டாட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் மறுத்துவிட்டுத் தன் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். காபி கொடுத்தோம்; தன் குடுவையைக் காட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. யார்கிட்டயும் எதையும் வாங்கறதில்ல. எந்தத் தேர்தல்லயும் நிக்கறதும் இல்ல. ஒரு அதிகாரி தான் நிக்கற தேர்தலை விசாரிக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு. அதனால என் பொண்ணோட பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துலகூட நான் நின்னதில்ல. அவ்வளவு சுத்தம்."

மார்லிஸ் அவரைக் கவனமாகப் பார்த்தாள். அவர் எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு கொடுத்தார். அவளும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

"இங்க பொறுப்பு யார்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் இருந்தது என் கையெழுத்து.

"வாக்காளர் பட்டியல் எங்க?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"சரி, ஒருத்தருக்கு எத்தனை வாக்கு?"

"பர்ஸ்ல எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

அவர் பேனா நின்றது. "குழந்தைங்க போட்டாங்களா?"

"சில்லறை வச்சிருந்தவங்க போட்டாங்க."

"வெளிமாநிலத்துக்காரங்க?"

"பெட்ரோல் போட வந்த ஒரு லாரி டிரைவர் அஞ்சு வாக்கு போட்டுட்டுப் போனார். நல்ல மனுஷன்."

"அப்ப..." ஹால்வர்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப இங்க பணம் குடுத்து வாக்கு வாங்க முடியுமா?"

"வாங்கணும் சார்," என்றாள் டாட்டி. "அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதரின் வாழ்க்கையை அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டோம். ஒன்பது வருடமாக அவர் மாநிலம் முழுக்கத் தேர்தல் மோசடியைத் தேடிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரே ஒருமுறை, இறந்துபோன ஒரு பெண்மணி வாக்களித்திருப்பதைக் கண்டுபிடித்து முந்நூறு மைல் ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்மணி உயிரோடு தோட்டத்தில் பூசணி பறித்துக்கொண்டிருந்தார். ஹால்வர்சனுக்கு ஒரு பூசணியும் கொடுத்தார். அதையும் அவர் வாங்கவில்லை.

"எங்க போனாலும் இல்ல இல்லன்னுதான் சொல்வாங்க," என்றார் ஹால்வர்சன். "ஆமான்னு சொன்ன முதல் ஊர் இதுதான்."

"சார், இது என் பெண்டாட்டி இடுப்புக்காக நடத்தற விருந்து," என்றேன். "அதிகம் வாங்கறவர் பன்றிக்கு முத்தம் குடுக்கணும். அவ்வளவுதான்."

"பன்றியோட பேர்?"

"டச்சஸ்."

"முழுப் பேர்?"

டாட்டி யோசித்தாள். "டச்சஸ் குர்ட்ஸ்னு வச்சுக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார்: ஒரு நபரின் பெயரோ படமோ ஒட்டப்பட்டு, பொதுமக்கள் எதையேனும் உள்ளே இடக்கூடிய எந்தப் பாத்திரமும் வாக்குப்பெட்டியே ஆகும். பெட்டியில் உள்ளது வாக்கு. சந்தேகத்துக்குரிய வாக்குகள் இருபத்திரண்டு மாதம் அரசுக் காவலில் வைக்கப்பட வேண்டும்.

"இதை எழுதின மகானுபாவன் யாரு?" என்றாள் மார்லிஸ்.

கிளேட்டன் தன் தட்டிலிருந்த பூசணி இனிப்பைக் கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு மாதம் என்றால் எத்தனை ஜனவரி என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மார்லிஸ் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கிளேட்டனிடம் போனேன். "கிளேட்டன், இது வாக்கே இல்ல, ஒரு விளையாட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் என் தோளில் கை வைத்தார். வாரப் பத்திரிகைக்காரர் அருகில் நின்றிருந்தார். "ஓர்வில், எனக்கு உங்க வீட்டம்மா மேல ரொம்ப மரியாதை. அவங்களுக்காக நான் எதையும் விட்டுத்தருவேன். ஆனா இந்த மக்கள் தீர்ப்பை விளையாட்டுன்னு சொன்னா, நான் முந்தறதும் விளையாட்டுன்னு ஆயிடும்ல?"

ஷெரிலிடம் போனேன். "அவர் விளையாட்டுன்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷமே நானும் சொல்றேன்," என்றார் அவர்.

ஹால்வர்சன் இருவரையும் மேடைக்கு அழைத்தார். "இந்த ஜாடிகள்ல உங்க பிரசாரப் பணம் ஏதாவது இருக்கா? வேட்பாளர் பணம் குடுத்து வாக்கு வாங்கறது குற்றம். தெரியும்ல?"

மெல்லிய காலணிக்காரர் சுவரோரமாக நகர்ந்து கழிவறைப் பக்கம் போனார்.

"என் ஜாடியில நானே போட்டுப்பேனா?" கிளேட்டன் நெஞ்சில் கை வைத்தார். "ஒரு டாலர்கூட எங்களோடது இல்ல. அவ்வளவும் இந்த ஊர் மக்கள் மனசார போட்டது!"

"என்னோடதும்தான்!" என்றார் ஷெரில் அவசரமாக. "கடைசிச் சில்லறை வரைக்கும் மக்கள் போட்டது!"

"அப்ப மக்கள்தான் குற்றவாளி," என்றார் ஹால்வர்சன். கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பக்கம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. "விதிப்படி நான் கேட்டாகணும். ஒன்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன், யாரும் பதில் சொன்னதில்ல. இங்க ஒண்ணுக்கு மேல வாக்கு போட்டவங்க யாராவது நேர்ல வந்து ஒப்புக்கிட்டா அந்த வாக்குகள் ரத்தாகும். ரத்தான வாக்கு போட்டவங்க கையிலேயே திருப்பித் தரப்படும்."

உருளைக்கிழங்குச் சட்டியின் மூடி மட்டும் ஆவியில் தடதடத்தது.

சக்கர நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் போட்டேன்," என்றாள் மார்லிஸ்.

"எத்தனை வாக்கு மேடம்?"

"அவங்க ரெண்டு பேரும் தங்களோடது இல்லன்னு சொல்றது எவ்வளவு?"

"அப்படிக் கேட்டா சொல்ல முடியாது."

"சரி, இருநூறுன்னு போட்டுக்கோங்க. மீதிய மத்தவங்க சொல்லட்டும்."

அவ்வளவுதான். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் யூனிஸ் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, தான் முந்நூற்றைம்பது முறை வாக்களித்ததாகச் சொன்னாள். வாழ்க்கையில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி வண்டி நிறுத்தாதவள். பள்ளித் தலைமை ஆசிரியர் தன் பங்குக்கு எண்ணூறு என்றார். "அவ்வளவு நேரம் எங்க கிடைச்சுது?" என்று ஹால்வர்சன் கேட்டதற்கு, "கோடை விடுமுறைலேயே ஆரம்பிச்சிட்டேன்," என்றார். பாதிரியாரும் வந்து நின்றார். தான் சொல்லப்போவது பொய் என்பதை நினைத்து ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு நூற்று ஐம்பது என்றார். நானும் போனேன். இருபத்தைந்துக்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

"கூச்சப்படாதே ஓர்வில்," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "உன் பொண்டாட்டி இடுப்பு!"

"எண்பது," என்றேன்.

வரிசை வாசல்வரை போய் வெளியே தீயணைப்பு வண்டிகளைச் சுற்றி நின்றது. இவ்வளவு பேர் இவ்வளவு உற்சாகமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டதை நான் எங்கும் படித்ததில்லை. ஹால்வர்சன் வேர்த்து விறுவிறுத்து எழுதினார். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து எண்ணி ஒவ்வொருவர் கையிலும் பணத்தைக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒன்பது வருடக் களைப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "நன்றி. ரொம்ப நன்றி. அடுத்தவங்க வாங்க," என்றார். கிளேட்டனும் ஷெரிலும் தங்கள் ஜாடிகள் காலியாவதைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வாய் திறந்தால் அது தன் பணம் என்று ஆகிவிடும். பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாகக் கிளேட்டன் மருத்துவச் செலவுக்கு உதவிக்கொண்டிருந்தார்; அதுவும் பேசாமல்.

பணத்தை வாங்கியவர்கள் மேடையைச் சுற்றி மறுபக்கமாக இறங்கினார்கள். அங்கே டாட்டி தன் தீயணைப்பு பூட்ஸில் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தாள். முழங்கால்வரை உயரமான ரப்பர் பூட்ஸ். ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றுகொண்டு, "வழியில நிக்காதீங்க, போட்டுட்டு நகருங்க," என்று விரட்டினாள். ஒன்று நிறைந்ததும் மற்றதையும் கழற்றினாள்.

கடைசி ஜாடி காலியானபோது ஹால்வர்சன் தலைநிமிர்ந்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"அது என்ன?"

"பூட்ஸ்," என்றாள் டாட்டி.

"அதுல என்னமோ ஒட்டியிருக்கே."

மார்லிஸ் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். பூட்ஸின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு, தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளை டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அதில் மாநில முத்திரையும், பிரெஸ்டன் ஹால்வர்சன் என்ற பெயரும் தெளிவாகத் தெரிந்தன.

"நீங்கதான் சார் படிச்சீங்க," என்றாள். "ஒருத்தர் பேர் ஒட்டியிருந்து, ஜனங்க உள்ள எதையாவது போட்டா அது வாக்குப்பெட்டி."

ஹால்வர்சன் பூட்ஸைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "அப்படின்னா இதையும் நான் காவல்ல..." நிறுத்தினார்.

"எடுக்க முடியாது," என்றாள் மார்லிஸ். "நீங்க நிக்கற தேர்தலை நீங்க விசாரிக்க முடியாது. உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துலகூட நிக்காத ஆளு நீங்க. இப்ப நின்னுட்டீங்க."

அவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். கிளேட்டனைப் பார்த்தார், இதை எழுதியவர் அவர்தானே. கிளேட்டன் தோளைக் குலுக்கினார். அவர் அதை எழுதினார்தான், ஆனால் படித்ததில்லை.

ஹால்வர்சன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்போது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"எதிர்த்து யாராவது நிக்கறாங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"யாரும் இல்ல. மத்த ரெண்டு பேர் வாக்கையும் நீங்களே ரத்து பண்ணிட்டீங்க."

"எல்லா வாக்கும் என் கண் முன்னாலதான் விழுந்துச்சு," என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒளிவு மறைவு இல்ல. சாட்சிக்கு நானே இருக்கேன். ஒன்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான தேர்தலை நான் பாத்ததில்ல."

எழுந்தார். டையைச் சரிசெய்தார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டாட்டி கூண்டைத் திறந்தாள். டச்சஸ் எழுந்து நின்று அவரை முகர்ந்து பார்த்தது. தேர்தல் முடிவை ஏற்றுக்கொள்கிற மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி அவர் மண்டியிட்டு, அவசரமில்லாமல், பன்றியின் மூக்கில் முத்தமிட்டார்.

கூரை அதிரக் கைதட்டினார்கள். கிளேட்டன் பத்திரிகைக்காரரின் கையைப் பிடித்து, "தோத்தது யாருன்னு போடப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ஹால்வர்சன் பூசணி இனிப்பு ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார். வேட்பாளர் சாப்பிடலாம் என்றார்.

திங்கட்கிழமை காலை பூட்ஸோடு மருத்துவமனைக்குப் போனேன். காண்டிஸ் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. முந்தின வாரம் யாரோ போட்டியில் ஜெயித்த கோப்பையில் பணம் கொண்டுவந்தார்களாம். முன்பணம் போக மீதி இருந்தது. மீதப் பாதிக்கு அது போதுமா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றாள்.

மார்லிஸுக்கு அந்தத் தேதியிலேயே இடுப்பு மாற்றினார்கள். அவள் படுக்கையில் தூங்கினாள். நான் சோபாவிலேயே சில நாள் படுத்திருந்தேன், பழக்கம் விடவில்லை.

நவம்பர் செவ்வாய்க்கிழமை நிஜத் தேர்தல். எங்கள் ஊர் வாக்குச்சாவடியும் அதே தீயணைப்புக் கூடம்தான். மார்லிஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், வாசலிலிருந்து மேசைவரை நடந்தாள். எல்லோரும் வரிசையை மறந்து பார்த்தார்கள். ஓரத்தில் மடக்கு நாற்காலியில் ஹால்வர்சன் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாநில வரலாற்றிலேயே பெரிய ஒப்புதல் வாக்குமூலம் பெற்றதற்காக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். வழக்குத்தான் எதன்மேல் போடுவதென்று தலைநகரில் இன்னும் முடிவாகவில்லையாம்.

"இன்னிக்கு ஒருத்தருக்கு எத்தனை வாக்கு சார்?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணுதான் மேடம்."

"காசு?"

"காசெல்லாம் கிடையாது. இது முறையான தேர்தல்."

மார்லிஸ் தன் சீட்டைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இதுல யாருக்கு இடுப்பு கிடைக்கும்?"

ஹால்வர்சன் பழக்க தோஷத்தில் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த டாட்டி ஒரு காலை நொண்டியபடி உள்ளே வந்து, தன் பழைய பூட்ஸ் ஜோடியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அதைப் பார்த்தார். நொண்டிப் போகும் அவள் முழங்காலைப் பார்த்தார். இருபுறமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"மீன் வறுவல் எந்த வெள்ளிக்கிழமை?"